சாம்பிள் பதினேழு

பெரம்பலூர்
9 மார்ச் 2025

அம்சவள்ளி அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா.

உங்கள் பழைய செல் நம்பர் இப்போது யாரோ ஒரு டிராக்டர் மெக்கானிக்கிடம் இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டாவது முறை திட்டிவிட்டார். ஹாஸ்டல் படிவத்தில் இருந்த வீட்டு முகவரிக்குத்தான் இதை எழுதுகிறேன். வந்து சேருமா தெரியாது.

நான் ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஆய்வேட்டைப் போன ஆகஸ்டில் கொடுத்தாயிற்று. வைவா மட்டும் பாக்கி.

ஒரு சின்ன உதவி. 2022 பிப்ரவரியில் சாம்பிள் பதினேழில் நீங்கள் பதினோரு நாள் அளவெடுத்தீர்கள். அந்த நோட்டு லேபில் இல்லை. பச்சை அட்டை, நீள நோட்டு. உங்கள் சாமான்களோடு தவறுதலாக வந்திருக்கலாம். தேடிப் பார்த்து அனுப்பிவைத்தால் நன்றாயிருக்கும்.

நம் கைடு லீலாவதி மேடம் இப்போதும் உங்களைப் பற்றி விசாரிப்பார்.

அன்புடன்,
குருமூர்த்தி


அரியலூர்
20 மார்ச் 2025

குருமூர்த்தி சார்,

கடிதம் வந்து சேர்ந்தது.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். லேபில் இரண்டரை வருஷம், ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'ஏய் அம்சா, அந்த ஊசியைப் பிடி.' அப்படியே எழுதலாம். எனக்குப் படிக்க எளிதாக இருக்கும்.

நோட்டு தவறுதலாக வரவில்லை. எடுத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே ஒரு சிமெண்ட் ஆலையின் தர லேபில் இருக்கிறேன். மணிக்கு ஒரு தடவை பொடி வரும். அழுத்தி வில்லையாக்கி எக்ஸ்ரே கருவிக்குள் வைக்க வேண்டும். சுண்ணாம்பு எவ்வளவு என்று ஒரு எண் வரும். எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் இதுவரை உன் கை செய்த கோளாறு என்று சொன்னதில்லை.

அந்தப் பதினோரு நாளில் என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பிளாட்டினத்தில் மின்சாரத்தை எந்தத் திசையில் விட்டாலும் மேலே இருந்த காந்தப் படலத்தின் ஒத்ததிர்வுக் கோடு தடித்தது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையிலோ நேர்த்திசையில் விட்டால் கோடு ஒல்லியாகிறது. இரண்டு படத்தையும் மேடத்தின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னீர்கள்: 'அம்சாவுக்கு கை நிக்கல மேடம். ஊசி காண்டாக்ட்டே சரியா வைக்கல.'

அவ்வளவுதான். உதவித்தொகை நீட்டிப்புக் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போடவில்லை. நான் பஸ் ஏறிவிட்டேன்.

கட்டுரை வெளிவந்ததும் படித்தேன். கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். 'அளவீட்டு உதவிக்கு.'

நோட்டு என்னிடம் இருக்கிறது. இருக்கட்டும்.

அம்சவள்ளி


பெரம்பலூர்
29 மார்ச் 2025

அம்சா,

சரி. நீ கேட்ட மாதிரியே.

விஷயம் இதுதான். ஆய்வேட்டைப் படிக்க வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர். மூன்று பக்கம் பாராட்டு, ஒரு பத்தி கேள்வி. அவர் என்னைக் கேட்பது: மின்சாரம் ஒரு திசையில் ஓடும்போது ஒத்ததிர்வுக் கோடு ஒல்லியாகிறது என்கிறாய், திசையைத் திருப்பினால் அதே கோடு தடிக்க வேண்டும், தடித்ததா? அதே சாம்பிளில், அளந்த அன்றே கையால் எழுதிய மூலப் பதிவைக் காட்டு. காட்ட முடியாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடு.

மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான். எட்டு வருஷம் போய்விடும்.

திரும்ப அளக்க முடியாது. சாம்பிள் பதினேழு எரிந்துவிட்டது. நீ போன மறு வாரம் நான்தான் மின்சாரத்தைக் கூட்டிவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. அதே அளவில் திரும்பத் திரும்பப் படலம் போட்டுப் பார்த்தோம். இருபத்து மூன்று வரை போனோம். ஒன்றும் அது மாதிரி அமையவில்லை. அளவுகள் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கும் போய்விட்டது.

ஆக, எதிர்த்திசையில் அளந்த எண்கள் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. உன் நோட்டில்.

லேப் நோட்டு பல்கலைக்கழகத்தின் சொத்து. இதை நான் உன் ஆலைக்கு எழுதினால் நன்றாக இருக்காது. எழுத மாட்டேன். எழுத முடியும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

அடுத்த ஞாயிறு உங்கள் பக்கம் வருகிற வேலை இருக்கிறது. வீட்டுக்கு வருகிறேன்.

மூர்த்தி


அரியலூர்
8 ஏப்ரல் 2025

சார்,

நீங்கள் வந்தபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். சூளைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அம்மா சொன்னதை எழுதுகிறேன்.

'பெரம்பலூர்லேருந்து ஒரு சாரு வந்தாருடி. கார்ல. வூட்டுக்குள்ள வாங்கன்னேன், பரவாயில்லன்னு வாசல்லயே நின்னுட்டாரு. தண்ணி குடுத்தேன். டம்ளர கையில வச்சிக்கிட்டே அரை மணி நேரம் பேசுனாரு. போறப்ப செவுத்து மேல வச்சிட்டுப் போயிட்டாரு. தண்ணி அப்படியே இருந்துச்சு. மறந்துட்டாரு போல.'

அம்மாவுடையது முப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரலில் ரேகை இல்லை. ரேஷன் கடை மிஷின் அந்த விரலை ஒத்துக்கொள்ளாது. ஆமாம்மா, மறந்திருப்பார் என்றேன்.

உங்கள் மகள் யுனிவர்சிட்டி சொத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், போலீஸ் வரைக்கும் போகும் என்றும் சொன்னீர்களாம். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 'அப்படி என்னத்தடி எடுத்தாந்த' என்று கேட்டாள். நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தாள்.

'வெறும் நம்பரு.'

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்படித்தான் சொன்னேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்:

'ரெண்டு தகடும்மா. கீழ பிளாட்டினம், மேல காந்தம். ரெண்டும் சேர்ந்தே ஒரு தலைமுடிய எட்டாயிரமா கீறுனா அதுல ஒரு கீத்து. மேல இருக்கிற காந்தம் ஊஞ்சல் மாதிரி. சரியான அலை பட்டுச்சுன்னா ஆடும். ஆடி எவ்வளவு சீக்கிரம் நிக்குதுன்னு மிஷினு ஒரு கோடு போட்டுக் காட்டும். கோடு ஒல்லியா இருந்தா ரொம்ப நேரம் ஆடுதுன்னு அர்த்தம். தடியா இருந்தா சீக்கிரம் நின்னுடுது. கீழ தகட்டுல கரெண்ட் விட்டா, ஒரே பக்கமா சுத்துற எலக்ட்ரான் மட்டும் பிரிஞ்சு மேல ஏறும். ஏறி ஊஞ்சலத் தள்ளும். கரெண்ட இந்தப் பக்கம் விட்டா ஆட்டத்துக்குத் தோதா தள்ளும். அந்தப் பக்கம் விட்டா ஆட்டத்த எதிர்த்துத் தள்ளும். எந்தப் பக்கம் விட்டாலும் ஒரே மாதிரி ஆச்சுன்னா, அங்க தள்ளுறதுக்கு ஆளே இல்ல. தகடு சூடானதுதான்.'

'அப்ப தள்ள ஆளே இல்லங்கிற நீ. அந்த சாரு இருக்குங்கிறாரு.'

'ஆமா.'

'ஊஞ்சலுக்காடி இத்தன சண்ட.'

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் சாப்பிட்டாள்.

எனக்கு இருப்பது அந்தப் பதினோரு நாள் மட்டும்தான். பட்டம் இல்லை. கட்டுரை இல்லை. நான் சரியாக அளந்தேன், என் கை நடுங்கவில்லை. இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் தினமும் ஆலை பஸ்ஸில் ஏறுகிறேன், முகத்தில் சாம்பல் படிய இறங்குகிறேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இந்த நோட்டைக் காட்டினால் நீங்கள் பொய் சொன்னது தெரிந்துபோகும். பிறகு எதற்காக இதைக் கேட்டு வீடு வரை வருகிறீர்கள்.

அம்சவள்ளி


பெரம்பலூர்
17 ஏப்ரல் 2025

அம்சா,

நல்ல கேள்வி. உட்கார்ந்து படி.

உன் ஊஞ்சலையே எடுத்துக்கொள்கிறேன். விளக்கம் சரிதான், திருத்த ஒன்றும் இல்லை. தள்ளுகிறவன் பக்கம் மாறி நிற்கிறான். அதே நேரத்தில் யாரோ ஊஞ்சலையும் திருப்பிக் கட்டிவிடுகிறார்கள். இப்போது என்ன ஆகும். முன்பு நடந்ததேதான் நடக்கும். இரண்டு முறையும் ஆட்டம் அடங்கும். நீ பார்த்துவிட்டு, தள்ள ஆளே இல்லை என்பாய்.

நோட்டை எடு. கடைசி நெடுவரிசை. 'மே', 'கீ' என்று எழுதியிருப்பாய். காந்தத்தின் சுவிட்ச் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று. எங்கள் யாருக்கும் அதை எழுதுகிற பழக்கம் இல்லை. நீதான் அறையின் சூடு, கரெண்ட் போன நேரம், ஊசி மாற்றிய நேரம் எல்லாம் எழுதுவாய்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் கடைசியாக முடிக்கிறவன் காந்தத்தைத் தலைகீழாக ஓட்டி, மெல்ல மெல்லக் குறைத்து அணைக்க வேண்டும். இரும்பில் தங்கிய காந்தம் போவதற்காக. அணைத்துவிட்டு சுவிட்சைக் கீழேயே விட்டுவிட்டுப் போவோம். காலையில் வருகிறவன் மேலே தூக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். மீட்டர் காந்தத்தின் அளவைக் காட்டும், திசையைக் காட்டாது. இது எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. நீ அந்தக் காந்தத்தில் தனியாக அளந்தது அதுதான் முதல் தடவை, உனக்குச் சொல்லவில்லை. முதலில் மறந்துதான் போனேன்.

காலையில் நீ நேர்த்திசையில் அளந்தாய். சுவிட்ச் கீழே. மதியம் நான் என் சாம்பிளுக்காக வந்து சுவிட்சைத் தூக்கினேன். பிற்பகலில் நீ எதிர்த்திசையில் அளந்தாய். சுவிட்ச் மேலே. மின்சாரமும் திரும்பியது, காந்தமும் திரும்பியது. இரண்டும் சேர்ந்து திரும்பியதால் ஒன்றும் திரும்பாதது போல இருந்தது.

மூன்றாம் நாள் நீ டீ குடிக்கப் போனபோது நோட்டைப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

அந்த வாரம் மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார், 'ஊசி வைக்கிறத அம்சாகிட்ட கத்துக்கோ மூர்த்தி.' நான் அந்த லேபுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

நாலாம் நாளிலிருந்து மதியம் எனக்கு அங்கே வேலை கிடையாது. ஆனாலும் வந்தேன். சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போனேன். மாலையில் இறக்கிவிட்டேன். எட்டு நாள்.

அந்த நோட்டை எனக்கு எதிரான சாட்சி என்று நினைத்து வைத்திருக்கிறாய். அது என் சாட்சி. கடைசி நெடுவரிசையோடு சேர்த்துப் படித்தால் என் கட்டுரை அப்படியே நிற்கிறது. மேடம் பார்த்தது உன் படத்தை மட்டும்தான். நோட்டை யாரும் பார்க்கவில்லை. நீ உட்பட.

உன் கை நடுங்கவில்லை. கை நிக்கல என்றேனே, அது மட்டும்தான் நான் சொன்ன பொய்.

தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தாகம் இல்லை.

மூர்த்தி


அரியலூர்
26 ஏப்ரல் 2025

சார்,

நோட்டை எடுத்தேன்.

முதல் நாள் காலை கீ. பிற்பகல் மே. இரண்டாம் நாள் காலை கீ. பிற்பகல் மே.

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

மூன்று வருஷமாக இந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கிறேன். மாதம் ஒரு தடவையாவது பார்ப்பேன். கோட்டின் அகலம் எழுதிய இடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வருவேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து. அதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நீங்கள் பொய்யர் என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் பார்க்க என்ன இருக்கிறது.

இன்று ஆலையில் மூன்று வில்லைகள் கையிலேயே உடைந்தன. ஷிஃப்ட் இன்சார்ஜ் தர்மன் சார், 'என்னம்மா, காய்ச்சலா' என்றார். ஆமாம் என்றேன். அரை நாள் லீவு கொடுத்தார். பஸ் வரும் வரை கேட்டுக்கு வெளியே நின்றேன். லாரிகள் சுண்ணாம்புக் கல்லோடு போய்க்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். சுவிட்ச் விஷயம் மேடத்துக்குத் தெரியுமா. தெரியும் என்றால் எப்போதிலிருந்து.

அம்சவள்ளி


பெரம்பலூர்
4 மே 2025

அம்சா,

தெரியும். நீ போன இரண்டாம் மாதம், கட்டுரையை அனுப்ப அவர் தயங்கியபோது, நானே சொன்னேன். சுவிட்ச் கீழே இருந்தது என்று மட்டும். நான் வந்து தூக்கியது, இறக்கியது எல்லாம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பேனாவை வைத்துவிட்டார். 'அப்ப அது நல்ல டேட்டாடா. அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் எடுத்திருக்கா. உடனே கூப்பிடு. நான் லெட்டர் தரேன், திரும்பச் சேர்ந்துக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க.'

நான் சொன்னேன், 'கல்யாணம் ஆயிடுச்சாம் மேடம். மாப்பிள்ளை வூட்டுல படிக்க அனுப்ப மாட்டாங்களாம்.'

மேடம், 'எல்லாப் பொண்ணுங்களும் கடைசியில இப்படித்தான் பண்ணுதுங்க' என்றார். பிறகு ஒரு ஃபைலைத் திறந்தார்.

இப்போதும் விசாரிப்பார். போன வருஷம் எத்தனை குழந்தை என்று கேட்டார். ஒன்று என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுப்பாயா என்று யோசிக்க வேண்டியிருக்கும், அதற்கு எனக்கு நேரம் இல்லை. உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். படலத்தின் மேல் ஒரு தூசி விழுந்தால் அதையும் நேரம் போட்டு எழுதுகிறவள் நீ. உண்மையான அளவு ஒன்று கையில் இருக்கும்போது, அது உண்மை என்று தெரிந்த பிறகு, அதை மறைத்துவைக்க உன்னால் ஆகாது. என்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் ஆகாது. தெரியாமல் இருந்தவரை மறைத்தாய். இப்போது தெரிந்துவிட்டது.

ஜூன் 12, வியாழக்கிழமை, வைவா. நோட்டு மாதக் கடைசிக்குள் வந்தால் போதும்.

மூர்த்தி


அரியலூர்
28 மே 2025

சார்,

நோட்டு இந்தக் கடிதத்தோடு வருகிறது. ரிஜிஸ்டர்ட் பார்சல்.

பதினோரு நாள், இருபத்திரண்டு அளவீடு. தேதி, நேரம், மின்சாரத்தின் திசை, கோட்டின் அகலம். எல்லாம் என் கையெழுத்து. எதிர்த்திசையில் அளந்த எண்கள் வேண்டும் என்றீர்கள். இருக்கின்றன.

கடைசி நெடுவரிசையை வெட்டி எடுத்துவிட்டேன். இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால், ஒவ்வொரு பக்கமாக. பிசிறு இல்லாமல் வந்திருக்கிறது, பாருங்கள்.

இனி இந்த நோட்டை யார் படித்தாலும் நான் படித்ததைத்தான் படிப்பார்கள். எந்தப் பக்கம் விட்டாலும் தடிக்கிறது. வெறும் சூடு. உங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு எதிராக உங்கள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டும் ஒன்றுதான்.

என்னால் ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெரிய கஷ்டமாக இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்திரித் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். 'என்னடி கிழிக்கிற' என்றாள். 'ஓரம்' என்றேன். 'அந்த சாருக்கு அனுப்பிடு, தொல்ல வுட்டுச்சு' என்றாள்.

என் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மேடத்தை எங்காவது பார்த்தால் நானும் அதையே சொல்ல வேண்டுமே.

அம்சவள்ளி


பெரம்பலூர்
16 ஜூன் 2025

அம்சா,

வைவா முடிந்தது. கைதட்டினார்கள். மேடம் ஒரு சால்வை போட்டார். இந்த வெயிலில் சால்வை.

உன் பார்சலைப் பிரித்த அன்று உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. மாடிக்குப் போய்ச் சும்மா நின்றேன். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத் தட்டைகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வரும்போது கோபம் இல்லை. வேலைதான் இருந்தது.

அதே மாதிரி பச்சை அட்டை நோட்டு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதிலிருந்து பட்டையாக வெட்டினேன். டீத்தண்ணீரை லேசாகத் தொட்டுக் காயவைத்தால் மூன்று வருஷத்துப் பழுப்பு வந்துவிடுகிறது. உன் எழுத்தைப் பழக இரண்டு மணி நேரம் ஆனது. உன் 'கீ'யில் மேல்சுழி கொஞ்சம் பெரிதாக இருக்கும். காலையில் கீ, பிற்பகலில் மே. பதினோரு தடவை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தூக்கி இறக்கியவனே நான்தானே. ஒட்டினேன், ஸ்கேன் எடுத்தேன். ஸ்கேனில் ஒட்டு தெரியவில்லை. அதைத்தான் தேர்வாளருக்கு அனுப்பினேன்.

வீடியோவில் வந்தார். வயதானவர். அந்தப் பக்கங்களைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார். சுவிட்ச் எப்படி இருந்தது என்பதைக்கூட ஒவ்வொரு முறையும் எழுதிவைத்த இந்த ஆள் யார் என்று கேட்டார். பழைய மாணவி, இப்போது குடும்பமாக இருக்கிறார் என்றேன். மேடம் தலையாட்டினார். என் பாராட்டைச் சொல்லுங்கள் என்றார் அந்த வயதானவர். சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை. நீ வெட்டி எடுத்ததையே நான் திரும்ப எழுதினேன். கைதான் வேறு. நீ வைத்திருக்கும் பட்டைகள் இனி யாருக்கும் வேண்டாம். அடுப்பில் போடலாம்.

ஆகஸ்டில் வேறு ஒரு கல்லூரி. உதவிப் பேராசிரியர். சொந்தமாக ஒரு சின்ன லேப் தருகிறேன் என்கிறார்கள். இதே வேலையைத்தான் தொடரப் போகிறேன்.

பெண் குழந்தை. பெயர் இன்னும் யாரும் கேட்கவில்லை.

மூர்த்தி


அரியலூர்
2 ஜூலை 2025

சார்,

வாழ்த்துக்கள்.

ஏப்ரலில் முதல் இரண்டு நாளின் அளவீட்டை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தேன். வெட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து மீதியையும் படித்தேன். இருபத்திரண்டையும்.

ஒன்பது நாள் நீங்கள் எழுதியபடிதான் இருக்கிறது. காலை கீ, பிற்பகல் மே.

இரண்டு நாள் அப்படி இல்லை. அந்த இரண்டு நாளும் காலையிலேயே மே. அதற்கு முந்தின மாலை நீங்கள் இறக்க மறந்திருக்கலாம். நான் வருவதற்குள் வேறு யாராவது தூக்கியிருக்கலாம். அது தெரியாது. சுவிட்ச் மேலே இருந்தது, நான் பார்த்து எழுதினேன், அது தெரியும்.

சுவிட்ச் மேலே. மின்சாரம் நேர்த்திசையில். உங்கள் கட்டுரையில் இருக்கும் அதே நிலை. கோடு ஒல்லியாக வேண்டும்.

ஐம்பத்தைந்து. ஐம்பத்து நாலு. தடித்திருக்கிறது.

ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் ஊசி வழுக்கியிருக்கலாம். அல்லது அங்கே தள்ளுவதற்கு உண்மையிலேயே ஆள் இல்லாமல், மற்ற ஒன்பது நாளும் வேறு ஏதோ நடந்திருக்கலாம். ஒன்பது பெரியதா, இரண்டு பெரியதா. இதை இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். சண்டை போட்டிருக்க வேண்டும். பிறகு மறுபடி அளந்திருக்க வேண்டும்.

நீங்கள் ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெட்டியதில் என்ன இருந்தது என்று. அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஜூன் 12 வரை தினமும் தபால்காரர் குழந்தைவேல் அண்ணன் வருகிற நேரத்தில் வாசலுக்குப் போனேன். நீங்கள் என் 'கீ'யைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நான் யாருக்கும் எழுத மாட்டேன். மேடத்துக்கு எழுத மாட்டேன். அந்த வயதானவருக்கும் எழுத மாட்டேன். பட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். புது லேபில் புதுப் படலங்கள் போடுங்கள். சில நாள் கோடு ஒல்லியாகும், சில நாள் ஆகாது. ஆகாத அன்று மாணவர்கள் வந்து, நாங்கள் எங்கே தப்பு செய்தோம் என்று கேட்பார்கள். கை நிற்கவில்லை என்று சொல்லுங்கள்.

நான் பொய் சொல்கிறேன் என்றும் நினைக்கலாம். சரிபார்க்க வேண்டுமானால் பட்டைகள் என்னிடம் இருக்கின்றன, அடுப்பில் போடவில்லை. உங்களுக்குக் காட்டப்போவதும் இல்லை.

எந்த இரண்டு நாள் என்று எழுத மாட்டேன்.

அம்சவள்ளி